பூசைக்கு வைக்காத புத்தகம்

வியாழக்கிழமை இரவு. சரஸ்வதி பூசை.

பின்னேரமே வீட்டிலை உள்ள புத்தகம், கொப்பி, பேனை எல்லாத்தையும் கும்பத்துக்கு முன்னாலை வைச்சாச்சு. நாளைக்கு விசயதசமிப் பூசை முடியுமட்டும் ஒருத்தரும் வாசிக்கவோ எழுதவோ கூடாது. அவலைக் குழைச்சுப்போட்டு வெளியிலை வந்தால், மகள் நிலா கிணத்தடியிலை குந்தியிருந்து கதைப் புத்தகம் வாசிக்கிறாள்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "சாமிக்கு வைச்சதை எடுத்தனியோ?"

"இல்லையம்மா. இதை நான் வைக்கவேயில்லை." தலையைக்கூட நிமிர்த்தேல்லை.

"ஏன் வைக்கேல்லை?"

"கதையிலை முதலை இப்பதான் ஆத்துக்குள்ளை இறங்கினது. நாளை வரைக்கும் எப்பிடிப் பொறுக்கிறது?"

ஏச வெளிக்கிட்டனான், ஏசேல்லை. தை மாசம் அவளின்ரை ரீச்சர், "ஒவ்வொரு நாளும் இருவது நிமிசம் விருப்பமானதை வாசிக்க விடுங்கோ. கேள்வி கேட்டுக் கரைச்சல் குடுக்காதேங்கோ" எண்டு சொன்னவ. அடுத்த வருசம் அஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதினை, இதென்ன விளையாட்டு எண்டு முணுமுணுத்தது நான்தான். அப்ப ஒரு பக்கம் முடிக்க முதல் நாலு தரம் தண்ணி குடிக்க எழும்புவாள். இந்தப் பிள்ளைக்கு வாசிப்பே ஒட்டாதோ எண்டு எவ்வளவு பயந்தன்.

இனி அவளைப் பிடிச்சு இருத்தத் தேவையில்லை.

நிலாவின்ரை அப்பாவிட்டைச் சொல்லேல்லை. பூசை விசயத்திலை அவர் கடுமை. சரஸ்வதி கோவிக்கமாட்டா எண்டுதான் நினைக்கிறன்.

இவ்வளவும் எழுதினாப் பிறகுதான் பாக்கிறன். இந்தக் கொப்பியும் பேனையும்கூடக் கும்பத்தடியிலை இருந்திருக்கவேணும். நானும் வைக்கேல்லை.