கடைசி வரி டிவிக்குக் கீழே போய்விட்டது

துறைமங்கலம், பெரம்பலூர்
7.12.1986, ஞாயிறு, காலை 9.20
கேசட் இதுவரை ஓடியது பதினெட்டு தடவை. ஏழு அம்மா ஓட்டியது, பதினொன்று நான் ஓட்டியது.

அன்பு மகள் மலர்க்கொடிக்கு, அம்மா கொளஞ்சியம்மாள் சொல்லச் சொல்ல, தம்பி செல்லப்பன் எழுதுவது. இங்கே முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் சௌக்கியம். அங்கே மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் சௌக்கியமாக இருக்க சிறுவாச்சூர் காளியம்மா காவல் இருப்பாள். இதை அம்மா நான்கு தடவை சொல்லிவிட்டது, நான் ஒரு தடவைதான் எழுதுவேன். அக்கா, இனிமேல் இந்தக் கடிதத்தில் ‘நான்’ என்றால் செல்லப்பன். அம்மா சொல்வதை அம்மா சொன்னது என்றே போடுகிறேன். குழப்பம் வேண்டாம்.

போன வியாழக்கிழமை உடையார்பாளையம் சாமிதுரை நீங்கள் கொடுத்துவிட்ட பெட்டியைக் கொண்டுவந்து சேர்த்தார். நான் கடையில் இருந்தேன். அதில் இருந்த கம்ப்யூட்டரை அம்மா தொடவில்லை. புடவைக்குள் சுருட்டி வைத்திருந்த கேசட்டை மட்டும் எடுத்து, நீ வழக்கமாகப் பேசி அனுப்புகிற கேசட் என்று டேப் ரிக்கார்டரில் போட்டுவிட்டது. கீச்சென்று ஒரே சத்தம். திருப்பிப் போட்டால் அந்தப் பக்கமும் கீச். பக்கத்து வீட்டு ரெங்கம்மாள் வந்து கேட்டுவிட்டு, “தொண்டை கட்டிக்கிச்சு போலக்கா, இளநி மேல இளநியா குடிச்சிருக்கும்” என்று சொல்லியிருக்கிறது. மஸ்கட்டில் இளநீர் எங்கே கிடைக்கும் என்று அம்மாவும் கேட்கவில்லை. சாயங்காலம் நான் வருவதற்குள் ஏழு தடவை ஓட்டிவிட்டு, “உன் அக்கா எங்கயோ அடியில பேசறாடா, கொஞ்சம் காது குடுத்துக் கேளு” என்றது. நானும் ஒரு தடவை ஓட்டிக் கேட்டேன். பிறகுதான் பெட்டியின் அடியில் மாமா எழுதிய சீட்டைப் பார்த்தேன். ‘கம்ப்யூட்டரை டிவியோடு சேர்த்து இந்தக் கேசட்டை ஓட்டு. அத்தை கேட்டதற்குப் பதில் அதில் இருக்கிறது.’ அந்தப் பதிலை அந்தச் சீட்டிலேயே ஒரு வரி எழுதியிருக்கலாம். மாமா கம்ப்யூட்டர் படித்தவர், அதனால் எழுதவில்லை.

அம்மா கேட்டது என்ன என்று உனக்குத் தெரியும். தலைச்சன் பிரசவத்துக்கு நீ இங்கே வருகிறாயா, இல்லையா. கம்பெனி ஆஸ்பத்திரி நன்றாக இருக்கிறது, யோசித்துச் சொல்கிறோம் என்று ஐப்பசியில் நீங்கள் எழுதினீர்கள். அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து அம்மா வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. தேக்குக் கட்டில் ஒன்று வாங்கிப் போட்டு, அதில் யாரையும் உட்கார விடுவதில்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ரிப்பேர் முடிந்து நின்றது ஒரே ஒரு டிவி, வாலிகண்டபுரம் நல்லுசாமியுடையது, கறுப்பு வெள்ளை. உங்கள் கம்ப்யூட்டர் படத்தை முப்பத்தாறாம் சேனலில் அனுப்புகிறது. இந்த டிவி பன்னிரண்டாம் சேனலோடு நின்றுவிடும். எத்தனை திருகினாலும் புள்ளி மழைதான். கம்ப்யூட்டர் மெஷினையே திறந்துவிட்டேன். மாமாவிடம் சொல்லாதே. இல்லை, சொல், பரவாயில்லை. படம் சேனலாக மாறுவதற்கு முன்னால் ஓர் இடத்தில் நேராகக் கிடைக்கும். அங்கிருந்து ஒரு வயர் இழுத்து டிவிக்குள் கொடுத்தேன். டிவிக்கு முன்னால் தனி டிரான்ஸ்ஃபார்மர் வைத்ததால் மெஷினில் கரண்ட் ஏறவில்லை. மூன்று வருடம் திருச்சி பாலிடெக்னிக்கில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. படம் வந்தது, ஆனால் ராட்டினம் மாதிரி கீழிருந்து மேலே சுற்றியது. அதையும் நிறுத்தினேன். அடுத்து கேசட். அந்தக் கீச்சுச் சத்தம்தான் மெஷின் படிக்கிற எழுத்து. சத்தம் குறைந்தாலும் படிக்காது, கூடினாலும் படிக்காது. வெள்ளி முழுக்க ஏழு தடவை போட்டும் பாதியில் நின்றது.

நேற்று காலை அம்மாவும் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டது. சாப்பிட்டியா என்றால், “நீ மொதல்ல அதைப் பேச வையி” என்கிறது. இந்த நேரம் பார்த்து நல்லுசாமி டிவியை எடுத்துப்போக வண்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார். “ஏன்டா செல்லப்பா, ரிப்பேருக்குக் குடுத்தா வயித்தக் கிழிச்சு வயரு போட்டு வச்சிருக்க” என்றார். அம்மா, “எம் பொண்ணு சேதி அதுல இருக்குங்க, செத்த இருங்க” என்றதும் அவரும் துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்தார். பத்தாவது தடவை மெஷின் முழுசாகப் படித்தது. மாமா புள்ளி புள்ளியாகப் போட்ட தாமரை ஒன்று ஆடிக்கொண்டே வந்தது. நல்லுசாமி அதை முட்டைக்கோசு என்றார், தப்பு அவர்மேல் இல்லை. அப்புறம் எழுத்து வரிவரியாக விழுந்தது. ‘அம்மா’. ‘தலைச்சன் பிரசவத்துக்கு’. ‘நம்ம வூட்டுக்கு’. அதோடு சரி, நின்றுவிட்டது.

அக்கா, மாமாவிடம் இதைச் சொல். டிவி என்பது படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் தின்றுவிடும். இந்த டிவியில் படத்தின் உயரம் வேறு கூடுதல். செய்தி வாசிக்கிறவர் நெஞ்சுக்குக் கீழே இரண்டு விரல் போனால் யாரும் தேட மாட்டார்கள். எழுத்து அப்படி இல்லை. அதிலும் தமிழில் வருவதா வராததா என்பது கடைசியில்தான் நிற்கும். அந்தக் கடைசி வரி டிவிக் கண்ணாடிக்கு அடியில் போய்விட்டது. எழுத்துகளின் தலை மட்டும் கோடு கோடாகத் தெரிந்தது. நல்லுசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்து, “வரமாட்டேன்னு இருக்கு போலப்பா, நடுவுல ‘மா’ மாதிரி தெரியுதே” என்றார். நான் அவரை வெளியே போகச் சொல்லியிருப்பேன், டிவி அவருடையது. அம்மா என்னைப் பார்த்து, “வரலைன்னா வரலைன்னு நேரா சொல்லிடு. நான் ஒண்ணும் அழப் போறதில்ல” என்றது. டிவியின் பின்னால் போய் உயரம் குறைக்கிற திருகைப் பிளாஸ்டிக் முனையால் அரைச் சுற்று திருப்பினேன். எனக்கு அங்கிருந்து படம் தெரியாது. நல்லுசாமிதான் வாய்விட்டுப் படித்தார். “வ... ரு... வருகிறேன். கொளஞ்சி, வருகிறேன்னு போட்டிருக்கு.”

அம்மா அதை மூன்று பேரைப் படிக்கச் சொன்னது. நான், நல்லுசாமி, எதிர் டீக்கடை மாயவன். மூன்று பேரும் ஒரே மாதிரி படித்த பிறகுதான் எழுந்து வந்து டிவிக் கண்ணாடியில் அந்த வரிமேல் கை வைத்தது. கையில் மயிர் சிலிர்த்துக்கொண்டது, “உசிரு இருக்குடா இதுல” என்றது. அது மின்சாரம், நான் திருத்தவில்லை. அப்புறம், “மாப்பிள்ள அந்தக் கடேசி வார்த்தைய மொதல்ல போட்டுருந்தா என்னவாம்” என்று கேட்டு, மாயவன் கடையில் இருந்த வடை எல்லாவற்றையும் தெருவுக்கே கொடுக்கச் சொல்லிவிட்டது. பட்டனைத் தட்டினால் அடுத்த பக்கத்தில் தை 12, இரண்டு பேரும் வருகிறோம் என்று வந்தது. நல்லுசாமி தன் டிவியில்தான் நல்ல சேதி வந்தது என்று வண்டி போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார்.

அம்மா சொல்லச் சொன்னது: ஏரோப்ளேனில் பெட்டியை நீ தூக்காதே, மாப்பிள்ளையைத் தூக்கச் சொல். ஏழாம் மாதத்து வளையலுக்கு அரியலூரில் சொல்லியாயிற்று. பச்சையும் சிவப்பும் கலந்து வரும். வாயும் வயிறுமாக இருக்கிற என் மகளும் அவள் சுமக்கிற உயிரும் ஒரு குறையும் இல்லாமல் என் வாசல் ஏறட்டும். நீங்கள் இரண்டு பேரும் நூறு வருஷம் இருங்கள்.

இப்படிக்கு,
அம்மா, கொ.
(‘கொ’ அம்மாவே போட்டது. அதற்கு மேல் எழுத்து வராது.)

இனி நான் செய்யப்போவது:

1. நாளை வாலிகண்டபுரம் போய் நல்லுசாமி டிவியின் உயரத்தைப் பழையபடி வைப்பது. இப்போது மேலும் கீழும் கறுப்புப் பட்டை தெரிகிறது. அவர், “இருக்கட்டும்ப்பா, முழுசா தெரியுது” என்கிறார். விடமாட்டேன்.

2. கம்ப்யூட்டரில் நான் பிரித்த இடத்தை ஒழுங்காக ஈயம் வைத்து மூடுவது. மாமா வந்து பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது.

3. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் உன் பெயரைப் பதிவது. செவ்வாய்க்கிழமை, பத்து மணிக்கு முன்னால்.

4. தை 12 காலை காரோடு அரியலூர் ஸ்டேஷனில் நிற்பது. அம்மா முந்தின நாளே போய் அங்கே படுத்துக்கொள்கிறேன் என்கிறது. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். நானும் துணைக்குப் படுத்துக்கொள்கிறேன்.