சிறந்த மாணவி விருதை எங்கே எழுதுவது?

இன்று காலை நம் மகள் தான் அச்சிட்ட தாள்களைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். தாளின் சூடு இன்னும் ஆறவில்லை. அந்த மை வாசனையோடு நீயும் வந்துவிட்டாய்.

“அப்பா, டீன் லிஸ்ட்ல, அந்தச் சிறந்த மாணவர் பட்டியல்ல வந்ததைப் படிப்புக்குக் கீழயே போடவா, தனியா போடவா?” என்று கேட்டாள். அவளுடைய முதல் வேலைக்கான ரெஸ்யூமே. படிப்புக்குக் கீழேயே போடச் சொன்னேன். அவளுக்கு அது ஒரு நிமிடக் கேள்வி. உனக்கும் எனக்கும் இதே கேள்வி ஒரு வாரச் சண்டையாக இருந்தது.

ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட்டில் பாலர் பள்ளி உதவியாளராக இருந்துகொண்டே நீ டிப்ளோமா படித்தாய். சனிக்கிழமைதோறும் மோட்டார் சைக்கிளில் உன்னைக் காம்பாருக்குக் கொண்டுபோய் விட்டு, வகுப்பு முடியும்வரை கோப்பிக் கடையில் காத்திருப்பேன். திரும்பும்போது மழை பிடித்தால் உன் புத்தகங்கள் என் சட்டைக்குள் இருக்கும். நீ என் முதுகோடு ஒட்டிக்கொண்டு நனைந்து வருவாய். பட்டமளிப்பில் சிறந்த மாணவி என்று உன் பெயரைக் கூப்பிட்டபோது எழுந்து நின்று கைதட்டியவன் நான் ஒருவன்தான். மேடையிலிருந்தே கண்ணால் அதட்டி என்னை உட்கார வைத்தாய்.

ஈப்போவில் ஒரு பெரிய பாலர் பள்ளிக்கு மேற்பார்வையாளர் தேவை என்று தெரிந்ததும் ரெஸ்யூமே எழுத உட்கார்ந்தாய். அந்த விருதை நீ எழுதியிருந்த இடத்தைப் பார்த்து எனக்குக் கோபமே வந்துவிட்டது. கடைசியில், தையல், சமையல் என்ற பொழுதுபோக்குகளுக்கும் கீழே.

“என்னா இது? மேல போடுலா. டிப்ளோமாவுக்குப் பக்கத்துலயே.”

“பீத்திக்கிற மாதிரி இருக்குங்க.”

“வாங்கினதைச் சொன்னா பீத்தலா?”

நான் மேலே ஏற்றுவேன். குளித்துவிட்டு வருவதற்குள் நீ கீழே இறக்கியிருப்பாய். கடைசியில், அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மகள்தான் அதை டிப்ளோமாவுக்கு அடியில் வைத்து, “இனிமே ரெண்டு பேரும் தொடக்கூடாது” என்றாள்.

இன்னொரு வரியில் நீ அசையவே இல்லை. பேச்சு தாமதமாக வரும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பயிற்சியைப் பாதிதான் முடித்திருந்தாய். அந்த வேலைக்கு அதைத்தான் முக்கியமாகக் கேட்டிருந்தார்கள். சிஜில் என்கிற அந்தச் சான்றிதழ் வர இன்னும் சில மாதம்தானே, முடித்ததாகவே எழுதிவிடு என்றேன்.

“அந்த சிஜிலை நம்பித்தானே ஒரு தாய் பிள்ளையை என்கிட்ட விட்டுட்டுப் போவா? முடிச்சதா எழுதிட்டா, தெரியாததை அப்ப நான் யாருகிட்ட போய்க் கேப்பேன்?” என்றாய். ‘பயிற்சி தொடர்கிறது’ என்றே எழுதினாய்.

அந்த வரியால்தான் வேலை கை நழுவியது. நேர்காணல் முடிந்து, நான் மோட்டார் சைக்கிளோடு காத்திருந்த இடத்துக்கு வெயிலில் நடந்து வந்தாய். பயிற்சியை முடித்த ஒருவரை எடுத்துக்கொண்டார்களாம். நீ ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, “என்னைத்தான் வேணாம்னாங்க. நான் படிச்சதை வேணாம்னு சொல்லலையே. வாங்க, பசிக்குது” என்றாய். கடையில் தோசையை மறுபடி மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். வீட்டுக்கு வந்து, துணி துவைக்கிற சத்தத்தில் நீ அழுதது எனக்குக் கேட்டது.

பயிற்சியை முடித்தாய். அந்தப் பெரிய பள்ளி உன்னைத் திரும்பக் கூப்பிடவேயில்லை. லகாட்டில் உன் பழைய பள்ளியிலேயே, பேசாத பிள்ளைகளுக்காக உனக்கு ஓர் அறையை ஒதுக்கித் தந்தார்கள். அங்கே ஒரு பையன் முதன்முதலாகத் ‘தண்ணி’ என்று சொன்ன நாளில், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று அவன் சொன்ன மாதிரியே எனக்குச் சொல்லிக் காட்டினாய். சாப்பிடும்போது மறுபடி ஒரு தடவை.

போன வருஷம், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாய். ஆம்புலன்ஸ் வரும்வரை உன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். வேறென்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஆம்புலன்ஸ் வந்தபோது நீ இல்லை.

இப்போது முதலுதவி வகுப்புக்குப் போய்வருகிறேன். முடித்தால் சான்றிதழ் தருவார்களாம். ஓய்வுபெற்றுவிட்டவன் நான்; அதைக் காட்டி வேலை கேட்கப் போவதில்லை. சென்ற வாரம் ரப்பர் பொம்மையின் நெஞ்சில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினேன்.

“போதும்லா அங்கிள், நிறுத்துங்க” என்றாள் சொல்லித்தரும் பெண்.

எனக்கு நிறுத்த மனம் வரவில்லை.