ஜீப்பின்மேல் விழுந்த பாறை

ஐப்பசி 9, ஞாயிறு

பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டில் இன்று மலை அரக்கனாக ஆடியது நான். போடிமெட்டு ரோட்டில் ஏறிய ஜீப்பின்மேல் அரக்கன் பாறையைத் தூக்கிப் போட்டான், உள்ளே இருந்தவர்கள் கூழானார்கள் என்றேன். சொன்ன பிறகுதான் எதிரே இருந்த சாதிக்கின் முகத்தைப் பார்த்தேன். போன மழையில் அவன் அத்தா ஓட்டிய ஜீப்பின்மேல் பாறை உருண்டது. தகரத்தை வெட்டித்தான் அவர் உடலை எடுத்தோம். வாய்க்கொழுப்பு எனக்கு.

சாதிக் பகடையை உருட்டினான். அவனுடைய வீரன் அரக்கனின் முழங்காலைப் பிளந்தான், கண்ணைத் தோண்டினான், கழுத்தை அறுத்தான்.

“செத்துட்டான் மாப்ளே,” என்றேன்.

“இன்னும் சாகல. நீ கத்துடா,” என்று மறுபடியும் உருட்டினான்.

அவன் வெட்ட வெட்ட நான் அரக்கனாகக் கத்தினேன். கடைசியில் எழுந்து, “நாளைக்கும் அவனக் கொண்டா,” என்று சொல்லிவிட்டுப் போனான்.

தொண்டை கட்டிவிட்டது. நாளைக்கும் அரக்கனைக் கொண்டுபோவேன்.