பச்சை நோட்டில் வளர்ந்த நீர்நாய்கள்

மே 12, ஞாயிறு

ஷாஸியா இன்று கொடைக்கானலுக்கு ஏறிவிட்டாள். பினாங்கிலிருந்து நம் வெள்ளகவி ஓடைக்கு நீர்நாய் படிப்புப் படிக்க வந்த பிள்ளை. மற்ற ஓடைகளையும் பார்க்கணுமாம். ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை என்று முதல் நாள் சொன்னதுமே சப்பாத்தைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டாள். என் வீட்டுக்காரி பிச்சையம்மாள் சிரித்த சிரிப்பில் உலை பொங்கி அடுப்பு அணைந்தது. அது கிடக்கட்டும், நோட்டைப் பற்றி எழுத வந்தேன். இரண்டு தந்தாள். பச்சை நோட்டில் தினமும் காலை நீர்நாயோ அதன் எச்சமோ கண்டால் எழுதணும், காணாவிட்டாலும் எழுதணும். ஞாயிறுதோறும் சிக்னல் பாறையில் ஏறிப் போனில் அவளுக்கு வாசிக்கணும். இந்த நீல நோட்டு எனக்கே. அறிவொளி வகுப்பில் கற்ற எழுத்து இத்தனை வருசம் சும்மா கிடந்தது.

மே 17

இரண்டு. ஒன்று நண்டைக் கையில் ஏந்தி, பிச்சையம்மாள் முறுக்குத் தின்கிற மாதிரியே தின்றது.

மே 30

நாலு நாளாக ஒன்றும் இல்லை. தண்ணீரில் ஏதோ நெடி. புது மழைத் தண்ணீராக இருக்கும்.

ஜூன் 2, ஞாயிறு

அவள் பார்த்த ஐந்து ஓடையிலும் நீர்நாய் இல்லையாம். குரல் கம்மிப்போய் இருந்தது. நம் ஓடை ஒன்றுதான் மிச்சம், நீங்க சொல்லுங்கண்ணே என்றாள். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ரெண்டு இருக்குத்தா என்றேன். சிரித்துவிட்டாள். வந்து பச்சை நோட்டிலும் அப்படியே எழுதினேன்.

எங்கே போயிருக்கப் போகிறது? வந்துவிடும்.

ஜூன் 16, ஞாயிறு

குட்டி உண்டா என்று கேட்டாள். மூன்று என்றேன். பிச்சையம்மாள் பக்கத்தில் இருந்தாள். "புள்ள பெத்தாச்சு, காதுகுத்து எப்ப வச்சிருக்கிய?" என்றாள்.

ஜூலை 9

வந்தாள். குட்டிகளைப் பார்க்க ஆசையாக வந்தாள்.

மே மாசம் போகும்போது அவள் மரத்தில் கட்டிவிட்டுப் போன கேமராவை நான் நினைக்கவே இல்லை. நீர்நாய் வந்தால்தான் படம் பிடிக்கும் என்றிருந்தேன். மே இருபத்தாறில் நாலு பேர் மீன் பிடிக்க ஓடையில் வெள்ளைப் பவுடர் கொட்டுகிறார்கள், மீன் செத்து மிதக்கிறது. யாரோ வெளியூர் ஆட்கள். அப்புறம் எல்லாம் நான்தான். நான் கால் கழுவுகிறேன், பீடி குடிக்கிறேன், தண்ணியையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். ஒத்த நீர்நாய் இல்ல.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள். "இல்லன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, அன்னைக்கே எறங்கி வந்திருப்பேன்ண்ணே. எங்க போச்சுன்னாவது தேடியிருக்கலாம். ஒரு மாசத்துக்கு மேல போச்சு."

படிப்பையும் இனி வேறு ஊரில் முதலிலிருந்து தொடங்கணுமாம். நான் என்னத்தச் செஞ்சுபுட்டேன்? அந்தப் புள்ள சிரிக்கணும்னுதானே — சிரிக்கவா அது கடல் தாண்டி வந்துச்சு?

சாப்பிடவில்லை. பச்சை நோட்டை எடுத்துக்கொண்டாள். அந்த நிலைமையிலும் ஊர் எல்லை தாண்டித்தான் சப்பாத்தைப் போட்டாள்.

ஜூலை 14, ஞாயிறு

பாறையில் ஏறினேன். அவள் போனை எடுக்கவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

பச்சை நோட்டு அவளிடம். அதனால் இதில் எழுதுகிறேன்.

காலை ஆறரை. நீர்நாய் இல்லை. எச்சம் இல்லை. தின்றுபோட்ட நண்டு ஓடுகூட இல்லை.