மூலம் இல்லை அண்ணே, குடல்

என்னைத் தோளில் தூக்கித் திரிந்த அண்ணனுக்கு,

கோம்பைத் தோட்டத்தில் இந்தப் போகம் திராட்சை நன்றாகக் காய்த்திருக்கிறது. வியாபாரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். நல்ல சேதி இவ்வளவுதான்.

உன்னைப் போலவே உன் மகள் கலைக்கும் மலத்தோடு ரத்தம் போனது. மூலம் என்று மதினி நாட்டு மருந்து கொடுத்திருக்கிறார். உன்னையும் குமுளி வைத்தியரிடம் அப்படித்தானே கொண்டுபோய் அலைந்தோம்? நான் அவளை மதுரைக்குக் கூட்டிப்போனேன். பெருங்குடல் பூராவும் உனக்கு இருந்ததைப் போலவே சின்னச் சின்ன முளைகள். ஒன்றில் புற்று தொடங்கிவிட்டது. வம்சத்தில் வருவதாம்.

"அழுகுன பழத்தக் கத்தரிச்சு விட்டா கொத்து தப்பிச்சுக்கிரும். அது மாதிரி முளைய மட்டும் எடுக்க முடியாதா?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"திராட்சையில அழுகல் ஒட்டும். இங்க அப்படி இல்லைங்க" என்றார். குடல் சுவரின் நுண்ணிய குழிகளில், உட்தோலைப் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்கள் இருக்கின்றனவாம். அவற்றில் ஒன்று கெட்டால், பக்கத்து நல்ல செல்லைக் கெடுக்காது, பெருகவிடாமல் அடக்கும். நல்லது நல்லதாகவே ஒதுங்கி உதிர்ந்துபோகும். அந்த இடத்தில் கெட்டதன் வாரிசு உட்காரும்.

"அப்படித்தான்னு நினைக்கிறோம், ஆராய்ச்சி இன்னும் முடியல. ஆனா இவங்களுக்கு ஒரு குழியில மட்டும் இல்ல, பூராவும் இருக்கு. பெருங்குடலையே எடுத்தாகணும்."

கலைக்கு ஆவணியில் கல்யாணம். மதினி அழுதார். "அறுத்த வயித்தோட எந்த வீட்டுக்கு அனுப்ப? தாலி ஏறட்டும், பெறகு பாப்போம். அவுகளே சொல்லிட்டுத்தான போனாக?"

ஆமாம், நீதான் சொன்னாய். படுக்கையில் என் கையைப் பிடித்து, "ஏலே, எவன் கேட்டாலும் மூலம்னே சொல்லு. பிள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கணும்" என்றாய். ஊருக்கும் சொன்னோம், கலைக்கும் சொன்னோம். அதை நம்பித்தான் அவள் தனக்கும் மூலமே என்று ஒரு வருசம் இருந்துவிட்டாள். உண்மை தெரிந்திருந்தால் முன்பே வந்திருக்க மாட்டாளா?

இந்தப் பேச்சை அவளேதான் முடித்துவைத்தாள். "சித்தப்பா, மாப்பிள்ளை வீட்டுக்கு நானே போன் போட்டுட்டேன். ஆவணிக்கு வேற பொண்ணு வேணும்னா பாத்துக்கிறச் சொல்லிட்டேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அங்கிருந்து இன்னும் பதில் இல்லை.

வியாழக்கிழமை ஆபரேஷன். பிழைப்பாளா? டாக்டர் கையை விரிக்கவும் இல்லை, தைரியம் சொல்லவும் இல்லை.

அடுத்து குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க நான் படுக்கிறேன். பிறகு என் பிள்ளைகள். நீ வாங்கிய வாக்கை உடைத்துவிட்டேன், இனி ஊருக்கும் உண்மையைத்தான் சொல்வேன். நானாகக் கொடுக்கும் வாக்கு இது: நம் வீட்டில் இனி யாரும் மூலம் என்று சொல்லிக்கொண்டு சாக மாட்டார்கள்.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த
தம்பி
கம்பம், 2010