ஜீப்பில் கொடுக்காத மாத்திரை

ஆகஸ்ட் 4, திங்கள்

சாரல். கம்பம்மெட்டு மலைப்பாதை முழுக்க மேகம். ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப், வழக்கம்போல் அடைசல். மூன்றாவது வளைவில் வயிறு முறுக்கியது. நிறுத்தச் சொன்னேன். டிரைவர் செல்வம் நிறுத்தவில்லை.

"இவுகளுக்காக வளைவுக்கு வளைவு நிறுத்துனா தோட்டத்துக்கு மத்தியானந்தான் போய்ச் சேருவோம். அடக்குங்கக்கா."

முடியவில்லை. சேலை போச்சு. மானமும். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட்டினான் பாவி. பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள், என் பக்கத்து வீட்டு ராசாத்தி உட்பட. நாள் முழுக்க ஈரச் சேலையோடு காய் தரம் பிரித்தேன்.

செல்வத்துக்கு வர வேண்டியவை: நாலு டயரும் பஞ்சர். மெட்டு நடுவில் டீசல் தீர வேண்டும். வாயில் புண். எல்லாவற்றுக்கும் மேல் வயிற்றுப்போக்கு.

ஆகஸ்ட் 6, புதன்

தேனி. வயிற்று டாக்டர். முன்பு எடுத்த டெஸ்ட் எல்லாம் சரி. ஐ.பி.எஸ். என்கிற குடல் கோளாறுதானாம். குடல் கண்டபடி சுருங்குகிறது, அதைத் தளர்த்த மாத்திரை.

சாப்பாட்டுக்கு அரை மணி முன். வலி அதிகம் என்று கூட ஒன்று போடக்கூடாது. வாய் உலரும். கண் மங்கினால், தலை சுற்றினால் ஸ்கூட்டியைத் தொடக்கூடாது. மலத்தில் ரத்தம், காய்ச்சல், எடை குறைவு என்றால் உடனே வர வேண்டும்.

எங்கள் ஜீப்பில் மாத்திரைகள் வெற்றிலை மாதிரி கைமாறும் என்று சொன்னேன். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார்.

"இத யாருக்கும் குடுத்துறாதீக. கண்ணுல பிரஷர் உள்ளவுக போட்டா பார்வைக்கே ஆபத்து. ஒண்ணுக்கு அடைக்கிறவுகளுக்கும் ஆகாது."

வரும் வழியில் பன்னீர் திராட்சை பார்த்தேன். வாங்கவில்லை. பயம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வெயில். மாத்திரை கேட்கிறது. வயிறு அமைதி, மனது இல்லை. மாதா கோயில் பூசையில், தீமை செய்தவர்களை மன்னிக்கும் வரி வந்தபோது உதட்டை மட்டும் அசைத்தேன்.

கோயில் வாசலில் செல்வத்தின் மனைவி ஜெசிந்தா. கையில் மருந்துக்கடைப் பை.

"அவுகளுக்குக் கண்ணுல பிரஷர் இருக்குக்கா. சொட்டு மருந்து. விடாமப் போட்டா வண்டி தாராளமா ஓட்டலாம், பார்வை நல்லாருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாக. வெளிய சொல்லிறாதீகக்கா."

தலையாட்டினேன். மதியம் மீன் குழம்பு, காரம் குறைத்து.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கேட்டவளுக்குக் கொடுத்தான் கடவுள். நேற்று ஏதோ வீட்டு விசேஷத்தில் பிரியாணியை வெளுத்துக்கட்டியிருக்கிறான் செல்வம். இன்று சாயங்காலம் மலை இறங்கும்போது பாதி மெட்டில் ஜீப்பை ஓரங்கட்டி ஸ்டீயரிங்கில் கவிழ்ந்துவிட்டான். முகமெல்லாம் வேர்வை.

"அக்கா, நீங்க தெனமும் போடுற அந்த வயித்து மாத்திரைல ஒண்ணு குடுங்க."

கொடுத்தால் என்ன என்று நினைத்தேன். நினைத்தேன்தான். என் நோட்டில் எனக்கே எதற்குப் பொய்?

"தர முடியாது."

"ஏத்தா, நெஞ்சுல ஈரமே இல்லையா ஒனக்கு? பழச மனசுல வச்சுக்கிட்டு இப்பிடியா பண்ணுவ?" என்றாள் ராசாத்தி.

அவன் காதோடு சொல்லியிருக்கலாம். பின்சீட்டுக்கும் கேட்கும்படி சொன்னேன்: "கண்ணுல பிரஷர் உள்ளவுக இத முழுங்கக் கூடாது."

பின்சீட்டிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"யாருக்கு? இவனுக்கா?"

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பதில் சொல்ல வாய் திறந்தான். வயிறு விடவில்லை. புதருக்கு ஓடினான். பின்னால் வந்த ஜீப்புகள் ஹாரன் அடித்தன. தண்ணீர் பாட்டிலை நானே கொண்டுபோய் நீட்டினேன். அவ்வளவு சந்தோஷம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மறுபடி சாரல். செல்வம் என்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருக்கிறான், ஒருத்தியும் ஏறவில்லை.

"சொட்டு மருந்து போடுறேன். பார்வைக்கு ஒண்ணுமில்ல. டாக்டரே ஓட்டலாம்னு சொன்னாக," என்றான். யாரும் நம்பவில்லை.

ராசாத்தி என்னிடம் திரும்பினாள். "நீ டாக்டர்ட்டப் போய்ட்டு வந்தவ. அந்தக் கண்ண வச்சு மெட்டுல ஓட்டலாமா? நீ சொன்னா ஏறுறோம்."

செல்வம் என்னையே பார்த்தான். "ஜெசிந்தா ஒங்கட்டச் சொன்னாளேக்கா. சொல்லுங்கக்கா."

"எனக்கென்ன தெரியும்," என்றேன்.

அடுத்த ஜீப்பில் எல்லோருக்கும் இடம் இருந்தது.