பஸ் தரிப்பில் அம்மா

பெப்ரவரி 3, சனி

காலை -23. காற்றையும் சேர்த்தால் -31 என்று ரேடியோ. தேவாலயத்து நிலக்கீழ் அறையில் ஹீற்றர் பாதி வேலை. பிள்ளைகள் ஜாக்கெற்றைக் கழற்றாமலே படம் கீறினார்கள். விரல் விறைத்தால் தூரிகை எங்கே நேராக ஓடும்.

வந்தவர்கள் 11. வயது ஏழிலிருந்து ஒன்பது. கொண்டுபோனவை: போஸ்டர் கலர் (சிவப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை மட்டும். மற்றதைக் கலந்து எடுக்கட்டும்), வெறும் தயிர் டப்பா 12, பழைய துவாய் 2, தடித்த தாள். மறந்தது: என் மூக்குக் கண்ணாடி.

இன்று நிறம் கலத்தல். நீலமும் மஞ்சளும் சேர்ந்து பச்சை வந்ததும் ஒரே கூச்சல். யாழ்ப்பாணத்தில் 19 வருடம் சித்திரம் படிப்பித்த காலத்திலும் இதே கூச்சல்தான். அந்த ஒரு நிமிடம் எனக்கு இன்னும் அலுக்கவில்லை. மற்றபடி, தூரிகையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் நிற்க விடாதே, விடாதே, விடாதே. தொண்டை கட்டிவிட்டது.

பதினொரு மணிக்கு சிவம் அண்ணை இறங்கி வந்தார். மொன்றியலின் பார்க் எக்ஸ் பகுதியில் இந்தச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை நடத்துகிறவர். நல்ல மனிதர், பதற்றக்காரர்.

“ரீச்சர், இந்தமுறை ஓவியப் போட்டிக்கு நாங்களும் குடுப்பம். நாலு தமிழ்ப் பள்ளிக்கூடம் சேருது. முதலாவது வாற படம் விழா மலரின்ரை அட்டையிலை போடுவினமாம். தலைப்பு ‘என்ரை மொன்றியல்’. மூண்டு வருசமா வெறுங்கையோட வாறம், மானம் போகுது.”

ஊரில் என் பிள்ளைகள் ஒரு வருடமும் பரிசில்லாமல் வந்ததில்லை என்றேன். சும்மா இருந்திருக்கலாம். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

பெப்ரவரி 10, சனி

-18. நேற்றுப் பெய்தது முழங்கால் அளவு. கணுக்கால் நோ.

போட்டிப் படங்கள். மெற்றோ நாலு. பனி மனிதன் மூன்று. மொன்றியல் மலையுச்சிச் சிலுவை ஒன்று. மிட்டாய் மட்டும் விற்கிற டெப்பனர் (மூலைக்கடை) ஒன்று. வானவில் ஒன்று, ஏனென்று தெரியாது.

பிறகு அபி. எட்டு வயது. மேல் முன்பல் ஒன்று இல்லை. அதிகம் கதைக்காது. தாள் பெரும்பாலும் வெறும் வெள்ளை. கீழ்மூலையில் பஸ் தரிப்பு, தெருவிளக்கு, ஊதாக் கோட் போட்ட ஒரு பெண். அவளுடைய ஒரு கை உடம்பைப் போல இரண்டு மடங்கு நீளம். தாளின் மேல்விளிம்பு வரைக்கும் போகிறது.

“இது ஆர் குஞ்சு?”

“அம்மா. வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நிக்கிறா.”

“கை ஏன் இவ்வளவு நீளம்?”

“மேலையிருந்து பாத்தா அப்பதான் தெரியும்.”

“அம்மான்ரை கை உண்மையா அப்பிடியோ?”

தோளை உயர்த்தி “பஃ” என்றது. பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சுப் பிள்ளைகளிடம் பழகியது. வெள்ளையை நிரப்பு என்றேன்.

“அது ஸ்னோ ரீச்சர். நிரப்பினா ஸ்னோ இல்லை.”

சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனேன். அத்தோடு விட்டிருக்க வேண்டும்.

பெப்ரவரி 11, ஞாயிறு

வெயில், ஆனால் சூடில்லாத வெயில். உடுப்புத் தோய்த்தது. பருப்பு அடிப்பிடித்தது.

காயப்போட்ட படங்கள் குசினி மேசையில். நாளை சிவம் அண்ணை வந்து எடுப்பார். திரும்பத் திரும்பப் பார்த்தேன், அபியின் படத்துக்குக் கிட்ட ஒன்றும் வராது. விளக்குக்குக் கீழே பனியில் மெல்லிய செம்மஞ்சள் பூசியிருக்கிறது. நான் சொல்லிக்கொடுக்காதது. தானாகக் கண்டு தானாகக் கலந்தது. ஆனால் அந்தக் கை! நடுவர்மார் கையைப் பார்த்ததும் ஒதுக்கி வைப்பார்கள். பாதித்தாள் பூசாமல் விட்டதற்கும் புள்ளி வெட்டுவார்கள்.

திருத்தினேன்.

ஊரில் போட்டிக்குப் போகும் படத்தை ரீச்சர் திருத்தாமல் விட்டால்தான் குறை. தாய் தகப்பனே வந்து கேட்பார்கள், “ரீச்சர், நீங்களும் ஒருக்காப் பாத்துவிடுங்கோ.” பார்ப்பது என்றால் கீறுவது. அதிபருக்கும் தெரியும், நடுவருக்கும் தெரியும், பக்கத்துப் பள்ளி ரீச்சரும் அதையேதான் செய்திருப்பா. ஒருவரும் அதைக் களவென்று நினைத்ததில்லை. பிள்ளைமேல் அக்கறை என்றுதான் பேர்.

நீளக் கையை வெள்ளையால் மூடினேன். காய்ந்ததும் முழங்கையை மடித்து, அளவாக ஒரு கை, கையில் ஒரு பை. வெள்ளை முழுவதும் சாம்பல் நீல வானம். பின்னால் ஐந்து வீட்டுக் கூரை. நாற்பது நிமிடம். சந்தோசமாக இருந்தது, பொய் ஏன் சொல்ல வேண்டும். தூரிகை பிடித்து எவ்வளவு காலம்.

இவர் தேத்தண்ணிக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

“உன்ரை படமோ, பிள்ளையின்ரை படமோ?”

“பிள்ளையின்ரைதான். கொஞ்சம் திருத்தினனான்.”

“ஓம், கொஞ்சம்.”

அந்த மனிசனுக்கு வாயில் எப்போதும் ஒரு ஊசி. தேத்தண்ணியைத் தானே போட்டுக் குடிக்கட்டும் என்று விட்டேன்.

பெப்ரவரி 24, சனி

-11. பரவாயில்லை. போன கிழமை புயலால் வகுப்பில்லை.

அபியின் படம் முதலாவது. சிவம் அண்ணை நிறப் பிரதி ஒன்று எடுத்து வந்து சுவரில் ஒட்டினார். “அடிச்சிட்டம் ரீச்சர்!” பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது.

அபி கிட்டப் போய்ப் பார்த்தது. மூக்கு முட்டுகிற அளவு கிட்ட.

“இது என்ரை இல்லை.”

“உன்ரைதான் செல்லம். பேர் கிடக்குது பார்.”

“பேர் என்ரை. அம்மா என்ரை இல்லை.” பிறகு, “அம்மான்ரை கை எங்க?”

நான் கொஞ்சம் திருத்தினனான், வடிவாயிருக்கட்டும் எண்டு, என்றேன். தலையாட்டியது. சண்டை பிடிக்கவில்லை. புதுத்தாள் கொடுத்தேன். மூலையில் பேரை எழுதியது. தூரிகையை நான் சொல்லிக்கொடுத்தபடி டப்பாவுக்கு மேலே குறுக்காக வைத்தது. பிறகு ஒரு மணித்தியாலம் அப்படியே இருந்தது. தாள் பேரோடு மட்டும் திரும்பி வந்தது.

மார்ச் 3, சனி

ஈரப்பனி. சப்பாத்தெல்லாம் உப்புக் கறை.

இன்று மெழுகுதிரி. வெள்ளை மெழுகால் கீறு, ஒன்றும் தெரியாது. மேலே தண்ணீர் கூட்டிய நீலம் பூசு, கீறினது வெள்ளையாய் எழும்பி வரும். இதில் விழாத பிள்ளையை நான் கண்டதில்லை. பத்துப் பேரும் கத்தினார்கள். அபிக்காகத்தான் இதையே எடுத்தேன். வெள்ளையை வெள்ளையாய் விடுகிற வேலை.

“வேண்டாம் ரீச்சர்.”

எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறது. அழுதாலும் பரவாயில்லை, தாளைக் கிழித்தாலும் பரவாயில்லை. மற்றவர்களின் தூரிகைகளை எல்லாம் கழுவி, மயிர் வளையாமல் துவாயில் வரிசையாகப் படுக்க வைத்தது. மேசையும் துடைத்தது. நல்ல பிள்ளை என்று சிவம் அண்ணை சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 6, செவ்வாய்

ஜான்-டலோன் சந்தையில் என் வேலை முறை, மரக்கறித் தட்டு. விரல் விறைப்பு. கொத்தமல்லி மணம் கையை விட்டுப் போகாது.

தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு பெண். “ரீச்சர்! என்னைத் தெரியேல்லையோ?” வாசுகி. ஊரில் என்னிடம் ஐந்தாம் வகுப்பில் படித்தவள். ரொறன்ரோவிலிருந்து தமக்கை வீட்டுக்கு வந்தாளாம். மாவட்டத்தில் பரிசு எடுத்த அவளுடைய தேர்ப் படத்தைப் பற்றி நானே கேட்டேன். இன்னும் கீறுகிறாயோ என்றேன்.

“எங்க ரீச்சர்! அது நீங்கள் கீறினதெல்லே.” நல்லாய்ச் சிரித்தாள். “பேந்து நான் கீற வெளிக்கிட்டா அப்பிடி வராது. விட்டிட்டன்.”

நானும் சிரித்தேன். தக்காளி ஒரு இறாத்தல் கூடுதலாய்ப் போட்டுவிட்டேன். அவள் போனபிறகு மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். பரிசு எடுத்த பிள்ளைகள் எத்தனை. அதில் இன்று தூரிகை பிடிக்கிறது ஆர். ஒருவர் பேரும் வரவில்லை. போரும் இடம்பெயர்வும் என்று இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாம் போரில்லை.

மார்ச் 10, சனி

மழை. அபி கீறவில்லை. தாளில் பேர் மட்டும்.

வகுப்பு முடிய சிவம் அண்ணையிடம் உள்ளதைச் சொன்னேன். பிள்ளையின் படத்துக்கு மேல் நான் பூசினேன், பரிசு எனக்குத்தான் விழுந்தது என்று.

“இதென்ன விசர்க் கதை ரீச்சர்? எல்லாரும் செய்யிறதுதானே. அட்டை அச்சுக்குப் போயிட்டுது. இப்ப போய்ச் சொன்னா உங்களுக்கொண்டுமில்லை, பிள்ளையின்ரை பேரெல்லே கெடும்.”

பிள்ளையின் பேர் என்றதும் அடங்கிவிட்டேன். உண்மையைச் சொன்னால், ஆறுதலாகவும் இருந்தது. சீ.

படியில் ஜாக்கெற் சிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றது அபி. குனிந்து பூட்டிவிட்டேன்.

“விழா அண்டைக்கு அம்மாட்டை நான் சொல்லுறன். படத்தை மாத்தினது ரீச்சர் எண்டு. சரியோ?”

“வ்ரே?” என்றது. உண்மையாவோ என்று கேட்கிறது.

“உண்மையா.”

“ஓகே.” இரண்டு கிழமைக்குப் பிறகு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தது. அப்படியெண்டா பேந்து கீறுறன் என்றும் சொன்னது, மெதுவாக.

மார்ச் 28, புதன்

பனி கரைந்து தெரு முழுக்கச் சேறு. மாரி முழுவதும் புதைந்து கிடந்த குப்பை வெளியே வருகிறது.

அபியின் தாய் சுகந்தியிடம் சொல்ல வேண்டியது:

1. சுகந்தி, படத்தில் சில இடம் நான் தொட்டது. (சில இடமோ?)
2. சுகந்தி, பிள்ளை கீறினதை நான் கெடுத்துப்போட்டன். (நாடகம்.)
3. இது அபியின்ரை படம் இல்லை. அவ கீறினது இதைவிட நல்லது.

மூன்றாவதுதான். சோறு வடிக்கும்போது இரண்டுதரம் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். ஆரோடை கதைக்கிறாய் என்று இவர் கேட்டார்.

வாங்க: வெங்காயம், பால், கணுக்கால் எண்ணெய். விழாவுக்கு ஐம்பது ரோல்ஸ் சுடுவதாகச் சொல்லித் தொலைத்திருக்கிறேன்.

மார்ச் 31, சனி

விழா. காலை வெயில், பின்னேரம் மூடம். மண்டபத்தில் இருநூறு பேராவது இருக்கும். ஒலிவாங்கி கீச்சிட்டது, பேச்சுகள் நீண்டன, என் ரோல்ஸ் அரை மணித்தியாலத்தில் முடிந்தது.

மலர் கையில் வந்தது. வழுவழு அட்டையில் நான் கீறிய வானம், நான் கீறிய கூரைகள். கீழே அபியின் பேர்.

சுகந்தி பட்டுச்சேலையும் பனிச்சப்பாத்துமாக வந்தாள். புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் வேலை, சனிக்கிழமையும் உண்டு. இன்று லீவு கேட்டு வந்தாளாம். கண்ணெல்லாம் நித்திரைக் கலக்கம், முகமெல்லாம் சிரிப்பு. அபி அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்தபடி.

“எல்லாம் உங்களாலைதான் ரீச்சர். வீட்டிலை ஒண்டும் கதைக்காது, இப்பிடிக் கீறுமெண்டு எனக்குத் தெரியாது.”

இப்போது சொல் என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன். தட்டில் மிஞ்சியிருந்த ஒரு ரோல்ஸ் கையில். சுகந்தி அட்டையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள்.

“அச்சொட்டா எங்கடை பஸ் தரிப்பு. என்ரை கோட்டும்தான்.” பிறகு குனிந்து பிள்ளையிடம், “ஆனா குஞ்சு, நான் கை காட்டிறதைக் காணேல்லையே?”

என்னைப் பார்த்து விளக்கினாள். “விடிய அஞ்சரைக்கு வெளிக்கிடுறனான் ரீச்சர். இவள் மூண்டாம் மாடியிலை கண்ணாடியோட முகத்தை ஒட்டிக்கொண்டு நிப்பாள். பஸ் வருமட்டும் நான் கை காட்டவேணும். இருட்டுக்குள்ளை கையை நல்லா உயத்தாட்டில் தெரியேல்லை, நீங்கள் போயிட்டீங்கள் எண்டு அழுவாள். கால் நுனியிலை நிண்டு காட்டுவன், பஸ் டிரைவர் சிரிப்பான்.”

அபி என்னைப் பார்த்தது. அவசரமில்லாமல், காத்துக்கொண்டு.

மூன்றாவது வசனம் நாக்கில் இருந்தது. இது அபியின்ரை படம் இல்லை. நாலே நாலு சொல். பின்னால் சிவம் அண்ணை நின்றார். ஆரோ படம் எடுக்கக் கூப்பிட்டார்கள்.

“மறந்துபோனன் அம்மா,” என்றது அபி.

“அதுக்கென்ன செல்லம், அடுத்தமுறை கீறுங்கோ,” என்று சுகந்தி அதன் தலையைத் தடவினாள். அபி ஓம் என்றது. என்னைத் திரும்பவும் பார்க்கவில்லை.

நான் ரோல்ஸைக் கடித்தேன். வாய் நிறைய இருந்தால் கதைக்கத் தேவையில்லை.